அண்ணன் எடுத்த போன்

கீரனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு, அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போன வாரத்து மழையில் கடலை விதைத்துவிட்டோம், ஆடு இரண்டு குட்டி போட்டது. மூன்று நாளாக அப்பாவிடமிருந்து போனே இல்லையே என்று நினைத்திருப்பாய். கோபமில்லை தாயி, வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

நான் கூப்பிட்டு வகுப்பிலும் போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, படித்தது மண்டையில் நிற்கவில்லை, படிக்கும் நேரம் அணைத்து வைக்கும்படி காலேஜ் கவுன்சிலர் மேடம் சொன்னார் என்று நீ சொன்னபோது நான் கத்தினேன். "பெத்தவன் கூப்பிட்டா எடுக்காம அப்படி என்ன படிப்பு" என்று கேட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இதே வார்த்தையை உன் அண்ணன் சந்தோஷிடமும் சொல்லியிருந்தேன்.

திருச்சி காலேஜிலிருந்து பைக்கில் வரும்போது லாரி மோதி அவன் போய் இரண்டு வருஷமாகிறது. கையில் போன் இருந்ததாம், ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வந்தான் என்று ஊரே பேசியது. "அந்தப் போனுதான் எம்புள்ளைய முழுங்கிருச்சு" என்று அம்மா அழுதாள். காலேஜில் அவன் படத்தைக் காட்டி மற்ற பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்கள், நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். தேவி, அவன் எதையும் பார்க்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன், எங்கே வருகிறாய் என்று கேட்க, அவ்வளவுதான். நாலு தடவை எடுக்கவில்லை, ஐந்தாவது தடவை என் ஏச்சுக்குப் பயந்து எடுத்து "வண்டியில வாரேன்ப்பா" என்றான், பிறகு லாரிச் சத்தம். போன் நொறுங்கிப் போனதால் யாருக்கும் தெரியவில்லை. யார் வீட்டுப் போன் அடித்தாலும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது. அதை அடக்கத்தான் மணிக்கொரு தடவை உன் குரலைக் கேட்டேன், உன் கஷ்டத்தை நினைக்கவில்லை.

முந்தாநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் "அப்ப எம்புள்ள மேல தப்பில்ல" என்று மட்டும் சொல்லி அவன் படத்தை முந்தானையால் துடைத்தாள். எனக்குச் சோறு வைக்கிறாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளைக்கு அந்தக் காலேஜுக்கும் போய்ச் சொல்லப் போகிறேன்.

நீ மேடம் சொன்னபடியே செய், தலைமாட்டில் போனை வைக்காதே. வாரத்தில் ஒரு நாள் உனக்குத் தோதானபோது நீ கூப்பிடு, நானாகக் கூப்பிட மாட்டேன். குலசாமி உன்னைக் கண்ணாகக் காக்கட்டும். இதைப் படித்ததும் பதறிப்போய்ப் பேச வேண்டாம், முதலில் சாப்பிடு. அம்மா எடுத்தால் அண்ணனைப் பற்றி அவளே பேசட்டும், நீ கேட்டுக்கொண்டிரு.

உன் அப்பா,
ஆண்டியப்பன்