பிக்கப்பின் இடப்பக்கக் கதவு

என் இடது கண்ணான மச்சானுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. உன்னிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான் கதை எழுதுகிறவன் என்பதால் உன் தங்கை எட்டிப் பார்த்து, "என்ன, இன்னைக்கு யார் வீட்டுக் கதை?" என்றாள். நம்ம வீட்டுக் கதைதான் என்றேன். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அப்படி வாயை மூடி நீ பார்த்ததுண்டா?

உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்தில் தமிழ் படித்தவர்கள் யாராவது இருப்பார்கள், வாசித்துக் காட்டச் சொல். அங்கேயே இருக்கும் உன் அப்பாவிடம் மட்டும் கொடுக்காதே. அவரைப் பற்றியும் ஓரிடத்தில் வரும்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் பேட்டை தாமுவேயில் மின்சாரம் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வருகிறது, வந்த வேகத்தில் கிளம்பிவிடுகிறது. பெட்ரோல் வரிசையில் நின்று நின்று எனக்குப் புது சிநேகிதர்களே கிடைத்துவிட்டார்கள். நம் தொழிலுக்குக் குறையில்லை. பாலத்துக்கு அப்பால், தன்லியின் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் தேங்காயும் ஏற்றி வந்து சந்தையில் போடுவது இன்னும் நடக்கிறது. பிள்ளையாருக்கும் தேங்காய் வேண்டும், பர்மியர்களின் நாட் தேவதைகளுக்கும் தேங்காய் வேண்டும். இரண்டு பக்கத்துச் சாமிகளும் நம்மைக் கைவிடவில்லை.

கைவிட்டது வண்டிதான்.

நம் பிக்கப்பில் பிறந்த வீட்டுப் பொருள் என்று எதுவும் மிச்சமில்லை. எஞ்சின் ஒரு செத்த வண்டியிலிருந்து வந்தது. கியர்பாக்ஸ் இன்னொரு செத்த வண்டியுடையது. இடப்பக்கக் கதவு வெள்ளத்தில் முழுகிய ஏதோ ஒன்றிலிருந்து கழற்றியது. "செத்ததையெல்லாம் ஒண்ணாக் கட்டி ஓட்டுறோம் மச்சான்" என்று சொல்லி நீ வயிறு குலுங்கச் சிரிப்பாய்.

உனக்குத் தெரியாததில்லை. இதை உனக்கு வாசித்துக் காட்டப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பர்மாவில் வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம். நம் வண்டி மாதிரிப் பழைய வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் ஒரு லாரி போனால் எனக்குத் தெரிவது அதன் முதுகு மட்டும். எதிரே வருவது யாரென்று இடப்பக்க சீட்டில் இருப்பவன்தான் தலையை வெளியே நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த சீட் உன்னுடையது. வாயில் வெற்றிலை இருப்பதால் உன்னால் பேச முடியாது. அதனால் கதவை வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டுவாய். இரண்டு தட்டு என்றால் போ. ஒரு தட்டு என்றால் பொறு. இத்தனை வருஷமும் என் உயிர் உன் உள்ளங்கையில்தான் இருந்தது. நான் ஒரு நாளும் அதை எட்டிப் பார்த்துச் சரிபார்த்ததில்லை.

நீ தன்லியின் ஊர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாய். வெளியில் இறந்தவரை பேட்டைக்குள் கொண்டுவரும் வழக்கம் இல்லை என்பதால் உன் உடம்பு அங்கிருந்தே சுடுகாட்டுக்குப் போய்விட்டது. உயிரை மட்டும் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். உன் சின்னம்மா டோ தின் ஒரு பச்சை இலைக்கொத்தை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு, நம் வண்டியில் உன் சீட்டில் உட்கார்ந்தார். வழி நெடுக இலையோடு பேசிக்கொண்டே வந்தார். "பாலம் வருது மகனே, கூட வா. இப்ப வலது பக்கம் திரும்புறோம், கூட வா." பர்மிய அம்மா, தமிழ் அப்பா வீட்டில் எல்லாமே இரண்டு தடவை நடக்கும் அல்லவா? ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு போட்டோம். பதினாறாம் நாள் கருமாதியும் செய்தோம். குறையில்லாமல் அனுப்பிவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அதற்குப் பிறகு வண்டியை எடுத்த முதல் நாள். நல்ல பகல், தூறல். முன்னால் ஒரு மணல் லாரி. பழக்க தோஷத்தில் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். சீட் காலி. பெருமூச்சு விட்டுவிட்டு லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தேன்.

தட், தட்.

யோசிக்கும் முன்பே கால் அழுத்திவிட்டது. முந்தினேன். எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. லாரியைத் தாண்டிய பிறகுதான் என் பின்னங்கழுத்து முடியெல்லாம் எழுந்து நின்றது. எழுந்து நிற்க அங்கே முடி கொஞ்சம்தான், இருந்தாலும்.

பழைய வண்டி, தட்டத்தான் செய்யும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் இன்னும் இரண்டு கோளாறுகள் சேர்ந்துகொண்டன. இடப்பக்கக் கதவு திறக்க மறுத்தது. வெறும் வண்டியாக நிற்கும்போதும் இடப்பக்கம் ஒரு சாண் தாழ்ந்தே நின்றது, உன் பக்கம் எப்போதும் தாழ்ந்திருக்குமே அதே மாதிரி. உன் அப்பா இருந்த ஒல்லிக்கு நீ எப்படி இந்த உடம்போடு பிறந்தாய் என்று தாமுவே முழுக்க ஒரு காலத்தில் பேசியது, ஞாபகம் இருக்கிறதா? (இதுதான் அந்த இடம்.)

அலோனில், படகுத்துறை கிடங்குகளுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் கோ தெய்னிடம் போனேன். உனக்குப் பிடிக்காத அதே கோ தெய்ன்தான். சிரிக்காதே. கால்வாசி வேலை, முக்கால்வாசி வாய்.

"இடது ஸ்பிரிங் செத்துப் போச்சு அகோ. மாத்துனா குதிரை மாதிரி நிக்கும்" என்று பர்மிய முறையில் அண்ணன் போட்டுச் சொன்னான். மாற்றினான். தாழ்ந்தே நின்றது. அந்த ஸ்பிரிங் போலி என்று சொல்லி வேறொன்று போட்டான். அதுவும் தாழ்ந்தது. தட்டுகிற சத்தத்துக்கு ஷாக் அப்சர்பர், ரப்பர் புஷ், கதவுக் கீல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டான். அவன் ஓட்டிப் பார்த்தால் சத்தமே வராது. நான் ஓட்டினாலும் வராது. லாரிக்குப் பின்னால் போனால் மட்டும் வரும்.

"லாரியைப் பாத்தா மட்டும் தட்டுற ஷாக் அப்சர்பரா? அகோ, வண்டிக்கு ஒண்ணுமில்ல. நீங்க போய் உங்க காதைக் காட்டுங்க."

இன்னொன்றும் இருந்தது. நீ துப்பித் துப்பிச் சிவந்த இடப்பக்கக் கதவை அவன் சுரண்டி வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தான். சில வாரத்தில் அதே இடத்தில், அதே சாய்வில், சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. "துரு அகோ, துரு" என்றான். ஆனால் விரலால் தொட மாட்டேன் என்றுவிட்டான்.

நான் இதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. ஏன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். பயம் ஒரு பக்கம். மறுபக்கம், மச்சான், எனக்கு அது சௌகரியமாக இருந்தது. நீ செத்தும் எனக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். உயிரோடு இருந்தபோது கேட்ட டீயைக்கூட இப்போது கேட்பதில்லை.

சொல்ல வைத்தது ஒரு மழை நாள். சிமெண்ட் லாரி ஒன்று வழிவிடாமல் ஆடி அசைந்து போனது. தட்டு வரவில்லை. பொறுமை போய் நானே வண்டியின் மூக்கை லாரிக்கு வெளியே விட்டேன். டம்மென்று ஒரே ஒரு அடி. கண்ணாடி அதிர்ந்தது. கால் தானாக பிரேக்கில் விழுந்தது. விளக்கில்லாமல் மழைக்குள்ளிருந்து ஒரு மூங்கில் லாரி வந்து, என் மூக்கை உரசுகிற மாதிரிக் கடந்து போனது. மூங்கில் நுனிகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டின் ரெக்சின் கிரீச்சென்று முனகியது. யாரோ பின்னால் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி.

வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம் சொல்லிவிட்டேன். "அண்ணன் உங்களைக் காப்பாத்துச்சா" என்று அழுவாள் என எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அப்போ அண்ணன் இன்னும் போகலையா?" என்றாள். "நாம போட்ட சோறெல்லாம் யாருக்குப் போச்சு? இத்தனை மாசமா வெயில்லயும் மழையிலயும் தெருவுல நிக்கிற வண்டிக்குள்ளயா உக்காந்திருக்கு?"

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஜன்னல் வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபிறப்பு எடுக்காமல், இங்கேயும் இல்லாமல், நடுவில் நிற்கிறாய் என்பதுதான் அவளுக்கு வேதனை. "அந்தக் கதவை எப்படியாவது திறங்க" என்றாள். திறந்தால் நீ போய்விடுவாய். நீ போய்விட்டால் எனக்கு யார் பார்த்துச் சொல்வது? நான் இரண்டு நாள் திருட்டு முழி முழித்துக்கொண்டு திரிந்துவிட்டுத்தான் அலோனுக்குக் கிளம்பினேன்.

கோ தெய்ன் கதவின் உள்தகட்டைக் கழற்றினான். கைவிட்டுத் துழாவியவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். உள்ளேயிருந்து வந்தது ஒரு இலைக்கொத்து. டோ தின் கையில் பிடித்து வந்த அதே கொத்து. கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக உள்ளே விழுந்திருக்கிறது. இலையெல்லாம் காய்ந்து பொடியாகியிருந்தது. நுனியில் ஒரே ஒரு இலை மட்டும், மச்சான், நேற்று ஒடித்த மாதிரிப் பச்சையாக இருந்தது.

"இதுதான் பூட்டுல மாட்டியிருக்கு" என்று கோ தெய்ன் சத்தமாகச் சொன்னான். குரலில் நம்பிக்கை இல்லை. கைப்பிடியை இழுத்தான். பூட்டு நாக்கு சுத்தமாக உள்ளே போனது. கதவு அசையவில்லை. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றான்.

அங்கிருந்தே டோ தின்னுக்கு போன் போட்டேன். "வீட்டு வாசல்ல பேர் சொல்லி இறங்கச் சொல்லணுமே, அதை யார் சொன்னது?"

"உங்க தமிழாளுங்க கற்பூரத்தோட வாசல்லயே நின்னாங்களே, அவங்க சொல்லியிருப்பாங்கன்னு நான் உள்ள போயிட்டேன். இலையைக் கதவோர ஜன்னல்லயே விட்டுட்டேன்" என்றார்.

உன் பெரியப்பாவுக்குப் போட்டேன். "நாங்க என்னத்தைக் கண்டோம்? அது பர்மாக்காரங்க சடங்கு. அந்தம்மா முடிச்சிருப்பாங்கன்னு தேங்காயை உடைச்சேன்" என்றார்.

புரிகிறதா? எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்கிற குடும்பம், இந்த ஒன்றை ஒரு தடவைகூடச் செய்யவில்லை. உன்னை யாருமே இறங்கச் சொல்லவில்லை. சொல்லாமல் இறங்குகிற ஆளா நீ? கல்யாண வீட்டில்கூட மூன்று முறை கூப்பிட்டால்தானே பந்திக்கு எழுந்திருப்பாய்!

கொத்தை உன் சீட்டில் வைத்தேன். அலோனிலிருந்து தாமுவே வரை உன் சின்னம்மா வேலையை நான் பார்த்தேன். "இதோ சிக்னல் மச்சான், கூட வா. இது பெட்ரோல் வரிசை, யாரையும் பாத்துப் பேச நின்னுடாதே, கூட வா." பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரன் நான் இலையோடு பேசுவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். ஒரு திருப்பத்தில் சொல்ல மறந்துவிட்டேன். எஞ்சின் நின்றுவிட்டது. மன்னிப்புக் கேட்டு, திருப்பத்தின் பேரைச் சொன்னதும்தான் கிளம்பியது.

வீட்டு வாசலில் உன் தங்கை குளித்து, தலையில் பூ வைத்து நின்றாள். இடப்பக்கம் வாசலைப் பார்க்கிற மாதிரி வண்டியை நிறுத்தினேன். அவள் முதலில் பர்மியத்தில் கூப்பிட்டாள். பிறகு உன் அப்பா கூப்பிட்ட மாதிரித் தமிழில்.

"அண்ணே, வீடு வந்துடுச்சு. இறங்கிக்க."

யாரும் கைப்பிடியைத் தொடவில்லை. கிளிக்கென்று ஒரு சத்தம். கதவு மெதுவாகத் திறந்தது. பிறகு வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, இடப்பக்கம் ஒரு சாண் மேலே எழும்பி நேராக நின்றது. கனத்த ஆள் ஒருவர் இறங்கினால் எப்படி எழும்புமோ அப்படி. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு ஏது? ஓரக்கண்ணில் தெரிந்தது ஒன்றுதான். நிலைப்படியில் நின்ற உன் தங்கை நன்றாக ஒதுங்கி வழிவிட்டாள். உனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

பிக்குகளுக்கு மறுபடி சோறு போட்டோம். கற்பூரமும் மறுபடி ஏற்றினோம். இந்தத் தடவை போய்வா என்று எல்லோரும் ஆளுக்கொரு தடவை சொன்னார்கள், சொன்னேனா சொன்னேனா என்று ஒருவரையொருவர் கேட்டும் கொண்டார்கள். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள் உன் தங்கை.

இப்போது கதவு குழந்தை தொட்டாலும் திறக்கிறது. வண்டி நேராக நிற்கிறது. கோ தெய்ன் அடித்த வெள்ளைப் பெயின்ட் வெள்ளையாகவே இருக்கிறது. தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு நேற்றுதான் முதல் தடவையாகத் தன்லியின் ஊருக்குப் போனேன். பாலம் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி. நேரான சாலை, நல்ல வெயில், நத்தை வேகம். இடப்பக்கம் பார்த்தேன். காதைத் தீட்டிக்கொண்டேன். வண்டியில் ஆயிரம் சத்தம் இருந்தது. அந்தச் சத்தம் இல்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, என்னையும் தாண்டிப் போனார்கள். நான் அந்த லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டே கடைசி வரை போனேன். நீ போனதற்கு நான் நேற்றுதான் அழுதேன், மச்சான்.

அதனால் இந்த வாக்கு. அந்த சீட்டில் கண்ணுள்ள ஒருவர் உட்காராதவரை எந்த வண்டியையும் நான் முந்தப் போவதில்லை. உன் தங்கை தன் அண்ணனை அனுப்பிவிட்டாள், புருஷனையும் அனுப்ப அவளுக்கு இப்போது நேரமில்லை. உன் பின்னால்தான் வருகிறேன். ரொம்ப மெதுவாக. இடையில் எங்கேயாவது நின்று எனக்காகக் காத்திருக்காதே, நீ போ.

இரண்டு தட்டு தட்டியிருக்கிறேன், நீ விட்ட கதவின் மேல்.

உன் தங்கையைக் கட்டி,
உன் உள்ளங்கையை நம்பிப் பிழைத்த
மச்சான்