எல்லாரும் இறங்கிவிட்டார்கள், அண்ணே

என் அருமை அண்ணே,

எல்லாரும் இறங்கிவிட்டார்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ பொறுமையாகக் கேட்கிற ஆள் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை குனோங் லேடாங் மலை ஏறிய உன் ஸ்காட்லாந்துக்காரர்கள், ஒருவர் குறையாமல், கை கால் முறியாமல், பொழுது சாய்வதற்குள் அசாகான் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அட்டைக் கடியைக் கணக்கில் சேர்க்காதே.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். உனக்கு வேறு விலாசம் என்னிடம் இல்லை. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும், எனக்கு வெட்கமில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தபிறகு துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். நம் ஆபீஸ் பெரிய துரையும் ஊருக்குப் போகும் முன் ஓர் ஆசைப்பட்டார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற தன் குலத்துக்காரர்கள் எல்லாரையும் ஒரு நாள் கூட்டி, ஒன்றாக ஒரு மலை ஏற வேண்டும். அவர்கள் ஊரில் அப்படித்தானாம். ஏற்பாடு செய்கிற வேலை, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான உன் தலையில் விழுந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவுக்கு விளக்கினாய்.

"அது ஒண்ணுமில்லம்மா. பங்காளிங்க கூடுறாங்க. நம்ம ஆளுங்க குலசாமிக்குப் பொங்கல் வைக்கப் போற மாதிரி. என்ன, இந்தப் பங்காளிங்க பாவாடை கட்டிக்கிட்டு வருவாங்க."

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வெகுநாள் அம்மா சிரித்து நான் பார்க்கவில்லை.

பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்க, மலாய்க்கார வழிகாட்டி பாக் மாட்டுடன் நீ முதலில் ஒரு தடவை ஏறிவிட்டு வந்தாய். தொப்பலாக நனைந்து வந்தாய். இரண்டு வாரத்தில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விஷக் காய்ச்சல், கெட்ட தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொன்னார். அம்மா கேட்கவில்லை. "அந்த மலைதான் எம் புள்ளைய வச்சிக்கிட்டுது" என்றாள். அதையே ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் அதிகம் பேசவில்லை.

துரை என்னைக் கூப்பிட்டு உன் ஃபைலைக் கையில் கொடுத்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆபீஸில் வேறு ஆளா இல்லை? ஆனால் உன் கையெழுத்தைப் படிக்க என்னை விட்டால் யாரும் இல்லை, அண்ணே. கோழி கிண்டின மண் மாதிரி எழுதிவிட்டு, தங்கச்சி டைப் அடித்துக் கொடுப்பாள் என்று நிம்மதியாகப் போய்விட்டாய். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முதல் தாளின் மேலே நீ பென்சிலால் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. 'எல்லாரும் இறங்கின பிறகுதான் வேலை முடிந்ததாக அர்த்தம்.' அதற்குமேல் எப்படி மறுப்பேன்? நீ பாதியில் விட்ட ஒரே வேலை இதுதானே.

வீட்டில் சொன்னேன். அம்மா மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நாள் காலையில் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"வருஷம் திரும்பல. சாவு விழுந்த வீட்டுக்காரங்க மலை ஏறக் கூடாது. நீ காலை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஏற மாட்டேம்மா. கீழ இருந்துதான் பாத்துக்கப் போறேன்."

"உன்னை எனக்குத் தெரியும். நானும் வரேன்."

மலையில் காலே வைக்காமல் ஒரு மலையேற்றத்தை நடத்துவது எப்படி என்று என்னிடம் கேள், சொல்கிறேன். போலீஸ் அனுமதிக் கடிதத்தைப் புதுப்பிக்க மூன்று தடவை நடந்தேன். காட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடுகிற அவசரகாலம் இன்னும் முடியவில்லையாம், ஆறு மணிக்குள் எல்லாரும் காட்டை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று அழுத்திச் சொல்லி அனுப்பினார்கள். பக்கத்துச் செட்டிக் கம்பத்து அக்கா தேங்காய்ப்பால் சோற்றில் நாசி லெமாக் பொட்டலம் கட்டித் தர ஒத்துக்கொண்டாள். உன் குறிப்பில் 'பாவாடை வேண்டாம், அட்டை' என்று இருந்தது. அதைத் துரையிடம் எந்த முகத்தோடு சொல்வது? நீளக் காற்சட்டை உசிதம் என்று நாசூக்காக டைப் அடித்து எல்லாருக்கும் அனுப்பினேன். அப்படியும் இரண்டு பேர் பாவாடையோடுதான் வந்து இறங்கினார்கள். இறங்கி வந்தபோது அவர்கள் முழங்காலைப் பார்த்திருக்க வேண்டும் நீ!

பெரிய தலைவலி பெயர்தான். குலம் ஒன்று என்பதால் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர். அதில் மூன்று பேர் ஜேம்ஸ். அடிவாரத்தில் நின்று பட்டியலை வாசித்தேன். ஜேம்ஸ் என்றால் ஒரு தடவை மூன்று குரல் வருகிறது, மறு தடவை ஒன்றும் வரவில்லை. இதில் மூவாரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் சொந்தக் காரில் வந்தவர்கள், சொல்லாமல் கூட்டி வந்த மச்சான், மாமியார் வேறு. காலை ஏழு மணிக்கே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அப்போதுதான் துரை ஒரு யோசனை சொன்னார். அவர் முழங்கால் கெட்டுப்போனவர், என்னோடு கீழேதான் இருந்தார். அவர்கள் முன்னோர்கள் சண்டைக்குப் போகும்போது ஆளுக்கொரு கல்லை ஒரே இடத்தில் குவித்துவிட்டுப் போவார்களாம். திரும்பி வந்தவன் ஒரு கல்லை எடுத்துக்கொள்வான். மிஞ்சுகிற கல் எத்தனையோ, வராதவர்கள் அத்தனை பேர். நாமும் அப்படியே செய்வோம் என்றார்.

எனக்கு அது பிடித்துப்போனது. ஓடைக்கரையில் கல்லுக்கா பஞ்சம்? ஒவ்வொருவராகக் கல்லை வைத்துவிட்டுப் பாக் மாட்டின் பின்னால் போனார்கள். பாதியில் திரும்புகிறவர்களும் ஒரு கல்லை எடுத்துவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும் என்று நான் கத்திச் சொன்னேன். அட்டை ஏறாமலிருக்க ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் காலுறைக்குச் சவுக்காரம் தடவிவிட்டு நிமிர்ந்தபோது எல்லாரும் மரங்களுக்குள் போயிருந்தார்கள். அம்மா பொட்டலக் கூடை பக்கத்தில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு இடி. மழை கொட்டியது. அரை மணி நேரம்தான், ஆனால் அந்த அரை மணி நேரத்தில் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று உனக்குத் தெரியாது. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். எத்தனை என்று ஞாபகமில்லை, அதிகமாகவே உடைத்துவிடுகிறேன்.

நாலு மணிக்கு முதல் கூட்டம் வந்தது. சேறும் சிரிப்புமாக வந்தார்கள். ஒவ்வொருவரும் கல்லை எடுக்க எடுக்க என் நெஞ்சில் வைத்த பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. ஐந்தேகாலுக்குக் கடைசியாகப் பாக் மாட் வந்தார். "சுடா ஹபிஸ்" என்றார். எல்லாரும் வந்தாயிற்று, மேலே ஆள் இல்லை என்று கையை விரித்துக் காட்டினார்.

நான் குவியல் இருந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு கல் கிடந்தது.

கல்லை எடுக்க மறந்தவர்கள் யாரென்று துரை கேட்டார். ஆளாளுக்குக் கையைத் திறந்து காட்டினார்கள், எல்லார் கையிலும் கல் இருந்தது. மூன்று ஜேம்ஸும் வரிசையாக நின்றார்கள். புருஷன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டான், தாய் பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். யாருக்கும் யாரும் குறையவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து தனியாக வந்த ஒருவன், யாரையும் தெரியாதவன், மேலே எங்கோ காலை உடைத்துக்கொண்டு கிடந்தால்? அவனைக் காணோம் என்று இங்கே யார் சொல்வார்கள்?

துரையின் முகம் வெளுத்துவிட்டது. பாக் மாட் பாராங் கத்தியை மறுபடி இடுப்பில் செருகினார். போலீஸ் சொன்ன ஆறு மணிக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. உன் பென்சில் வரி என் கண் முன்னால் நின்றது. எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! தீட்டாவது ஒன்றாவது என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதையை நோக்கி நடந்தேன்.

"சரோ! போகாதே."

அம்மா எழுந்து நின்றாள்.

"போகாதேடி. அது அவனோட கல்லு."

எனக்கு உடனே புரியவில்லை. "எவனோட கல்லும்மா?"

"அண்ணனோடது. நான்தான் வச்சேன்."

ஏழு மாதமாகப் பேசாதவள் பேச ஆரம்பித்தாள், அண்ணே. "கருமாதிக்கு ஆத்தங்கரையில கல்லு வச்சாங்க, எடுத்தாங்க. எல்லாம் ஆம்பளைங்க. நான் என்னத்தைக் கண்டேன்? அவன் இன்னும் அந்த மலையிலேயே மழையில நனைஞ்சிக்கிட்டு நிக்கிறான்னுதான் எனக்கு இருக்குது. இவங்க எல்லாரும் கல்லு வச்சிட்டுப் போறாங்க, வந்து எடுத்துக்குறாங்கன்னு சொன்னே. சரி, இவங்களோடயே அவனும் எறங்கி வரட்டும்னு ஒண்ணு வச்சேன்."

துரைக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நம் ஆபீஸுக்கு வருமுன் தோட்டத்தில் இருபது வருடம் இருந்தவர். வெட்டு, எடு, போ, வா என்கிற அவருடைய தமிழை நாம் இருவரும் எவ்வளவு கிண்டல் செய்திருப்போம்! அந்தத் தமிழிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"அம்மா, உன் பையன் ரொம்ப நல்ல பையன். எங்க ஊர்லே இந்தக் கல்லு எடுக்க மாட்டோம். வராத ஆளுக்கு இது. இங்கேயே இருக்கும்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"அது உங்க ஊரு வழக்கம் தொர. எம் புள்ள எறங்கிட்டான்."

குனிந்து அந்தக் கல்லை எடுத்து முந்தானையில் துடைத்தாள். அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டாள். சுற்றி நின்ற அத்தனை பங்காளிகளும் ஏதோ புரிந்த மாதிரி தொப்பியைக் கழற்றிக்கொண்டார்கள். மேலே யாரும் இல்லை என்று துரை ஆங்கிலத்தில் சொன்ன பிறகுதான் கூட்டம் மூச்சு விட்டது. நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, அண்ணே. எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்பதால் அழுதேன்.

கிளம்பும் முன் அவர்களில் ஒருவன் பையும் குழலுமாக இருந்த அவர்கள் ஊர் வாத்தியத்தை எடுத்து ஊதினான். அடியில் ஒரே சுருதி விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஒத்து ஊதறவன் நல்லாத்தான் ஊதறான். நாயனக்காரனைத்தான் இன்னும் காணோம்."

நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். ஜாசின் தாண்டும்வரை இரண்டு பேரும் மாறி மாறிச் சிரித்துக்கொண்டு வந்தோம், பஸ் டிரைவர் கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

வீட்டில் இப்போது பரவாயில்லை. அம்மா சமைக்கிறாள், செட்டிக் கம்பத்து அக்காவோடு வேலி ஓரம் நின்று மலாயில் வம்பளக்கிறாள், உப்பு கூடிவிட்டது என்றால் என்னோடு சண்டைக்கு வருகிறாள். கல் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இருக்கிறது. கடலில் விட்டுவிடலாமா என்று கேட்டேன். "இப்பதானே வந்தான், கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றாள்.

நிஜமாகவே வந்துவிட்டாயா? மழையில் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாயா? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் காலையில் குளிக்கப் போகும்போது அந்தக் கல்லில் தண்ணீர் தெறிக்காமல்தான் மொண்டு ஊற்றிக்கொள்கிறேன். நீ போதுமான அளவு நனைந்துவிட்டாய்.

துரை அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறார். ஃபைலை மூடி அலமாரியில் வைக்கும் முன், உன் பென்சில் வரிக்குக் கீழே 'இறங்கியாயிற்று' என்று எழுதி வைத்தேன். நல்ல கையெழுத்தில்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், அண்ணே. வருஷம் திரும்பட்டும். உன் திவசம் கழிந்த மறு ஞாயிறே நான் அந்த மலையில் ஏறுவேன், நீ நனைந்த இடமெல்லாம் பாக் மாட்டிடம் கேட்டுப் பார்ப்பேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை மறுக்கவில்லை. கீழே கல்லுக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். ஏறுவதற்கு முன் என் கல்லை அவள் காலடியில் வைப்பேன். இறங்கி வந்து என் கையாலேயே அதை எடுப்பேன்.

உன் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே தங்கச்சி,
சரோஜா
காஜா பெராங், மலாக்கா