நாலு சைஸில் வெட்டிய பக்கம்

நவம்பர் 3, திங்கள்

முதலாளி மணியன் தன் போனை என் மேசையில் வைத்தார். கம்பெனி வெப்சைட். பனியன் படம் பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. ஆர்டர் விசாரிக்கும் பட்டன் படத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"ஏங்கண்ணு, கம்ப்யூட்டர்ல நல்லாத்தான இருக்குது. என்ற போன்ல ஏன் இப்படி?"

பனியன் வாங்கப்போகிற டென்மார்க் பையர் அடுத்த திங்கட்கிழமை பார்க்கிறாராம். அதற்குள் எல்லாத் திரையிலும் ஒழுங்காக வர வேண்டும். இல்லையென்றால் வேலை கோயமுத்தூர் வெப் டிசைன் ஆட்களுக்கு, நான் பழையபடி செக்கிங் மேசைக்கு. கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 4

ஆறு வருடம் பனியனில் தையல் பிழை பார்த்துச் செக்கிங்கில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் வெப் டிசைன் படித்து, இந்த ஆவணியில்தான் நாற்காலி கிடைத்தது. அம்மா இன்னும் அந்த மேசையில்தான் நிற்கிறாள். "எம் மக கம்ப்யூட்டர் ரூம்ல இருக்கா" என்று ஒரு ஆள் பாக்கியில்லாமல் சொல்லியிருக்கிறாள். எந்த முகத்தோடு அவள் பக்கத்தில் திரும்பப் போய் நிற்பது?

நவம்பர் 5

வழி கிடைத்தது. எஸ், எம், எல், எக்ஸெல். பனியனுக்குப் போடுவதுபோல நாலு திரை அளவு எழுதி, நாலுக்கும் அகலத்தைப் பிக்சல் கணக்கில் வெட்டிவிட்டேன். என் போனில் கச்சிதம். முதலாளி போனிலும் சரி. இன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

நவம்பர் 7

போச்சு.

ஆபீஸ் டேப்லெட்டில் பாதி வெறும் வெள்ளை. போனைப் படுக்கவைத்தால் மெனு படத்தின்மேல் ஏறுகிறது. அஞ்சாவது சைஸ் போட்டேன். ஆறாவது — ஒன்பது வரை போட்டாயிற்று. ஒன்றைத் தைத்தால் இன்னொன்று பிய்கிறது. என்ன தெரியும்னு நான் இந்த வேலைக்கு வந்தேன்? பேசாம அங்கனயே நின்னுருக்கலாம்ல.

நவம்பர் 8

பாத்ரூமில் அழுதேன். "என்னத்தா, கண்ணு செவந்திருக்கு?" என்றாள் அம்மா. திரையைப் பார்த்துப் பார்த்து என்றேன். நம்பவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஆளில்லாத ஆபீஸ். பிரவுசர் ஓரத்தைப் பிடித்துச் சும்மா இழுத்துச் சுருக்கிக்கொண்டிருந்தேன். நான் போட்ட அளவுகளில் எல்லாம் சரியாக நிற்கிறது. இரண்டு அளவுக்கு நடுவில்தான் உடைகிறது. மடச்சி. யார் எந்தத் திரையோடு வருவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்பது அளவையும் அழித்தேன். படம், கிடைக்கிற இடத்துக்குள் அடங்கட்டும். பனியன்கள் இடமிருந்தால் பக்கத்தில் நிற்கட்டும், இல்லையென்றால் கீழே இறங்கட்டும். இவ்வளவுதான் எழுதினேன். இழுத்தேன், சுருக்கினேன். உடையவே இல்லை.

கடைசிப் பக்கம் ஒன்றுதான் பாக்கி. ஒரு தையல் விட்டிருந்தாலும் பீஸைப் பாஸ் பண்ணாத பழக்கம் எனக்கு. காலையில் முடித்து மொத்தமாக ஏற்றிவிடலாம்.

நவம்பர் 10

எட்டு மணிக்கே ஏற்றிவிட்டேன்.

பையர் நேற்றே பார்த்துவிட்டாராம். பழையதை, அளவளவாக வெட்டியதை. பட்டனைக் காணோம் என்று மெயில் வந்திருக்கிறது.

"கோயமுத்தூர்க்காரங்களுக்குச் சொல்லிப்போட்டேன் கண்ணு. தப்பா நெனச்சுக்காத." புதுப் பக்கத்தைக் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்று போனைத் திருப்பித் தந்தார்.

ஒரு நாள். நேற்றே அரைகுறையாக ஏற்றியிருந்தால்கூட—

நவம்பர் 11

செக்கிங். பக்கத்து மேசை ரோஸ்மேரி அக்கா என்னைப் பார்த்ததும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டாள். "சிப்மெண்ட் அவசரமாம். ஆள் பத்தலைன்னு எம் மகளையும் கூப்பிட்டிருக்காக."

என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.