சுடச்சுட ஒரு நீல அட்டை

ஐப்பசி, வியாழன் இரவு. மழை விடவில்லை.

நேற்று மாலை கம்பெனியில் மின்னணுச் சில்லுகள் இருந்த பை பிரிந்து கிடந்தது. உள்ளே ஈரம் காட்டும் அட்டை, காய்ந்திருந்தால் நீலமாக இருப்பது, இளஞ்சிவப்பாகியிருந்தது. ஈரம் ஏறிய சில்லு சாலிடர் உலையின் சூட்டில் உள்ளுக்குள்ளேயே வெடிக்கும், வெளியே தெரியாது. இவை குழந்தைகள் வார்டு மானிட்டருக்குப் போகிறவை. இரவெல்லாம் ஓவனில் காயவைக்கும்படி ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டில்லியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று மாலை அட்டை நீலமாக இருந்தது.

“காய வெச்சியாப்பா?”

“கார்டே நீலமா கீது, இன்னும் இன்னா சார் டவுட்டு? ஜோசியம் பாக்கணுமா? கையெழுத்து போடுங்க, காலைல லைன் ஓடணும்.”

சில்லுகள் காய்ந்தன என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தொட்டுப் பார்த்தேன். அட்டை சுட்டது. சில்லுகள் குளிர்ந்திருந்தன. அட்டையை மட்டும் ஓவனில் வைத்தானோ? என் விரல்களையும் முழுதாக நம்ப முடியவில்லை.

அட்டையைச் சட்டைப் பையில் கொண்டுவந்தேன். அஸ்தினாபுரம் வீட்டுக்கு வருவதற்குள் மறுபடி சிவந்துவிட்டது. இந்த மழையில் எதுவும் சிவக்கும், அது சாட்சியாகாது.

டில்லியிடம் கேட்க எனக்கு வாய் வராது. நாளை முதல் ஆளாகப் போய்ச் சில்லுகளை நானே ஓவனில் வைத்துவிடுகிறேன். நாள் முழுக்க லைன் நிற்கும். முதலாளி கேட்டால், காயவைக்கச் சொல்ல நான்தான் மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவேன்.