என் மூச்சளவில் எழுதிய நிரல்

பிப்ரவரி 3, திங்கள்

இறுதியாண்டு மாணவர்க்கான பட்டத் தகுதி விதிகளைத் துறையின் அறிவிப்புப் பலகையில் இன்று ஒட்டினார்கள். அடிப்படைப் பாடங்கள், விருப்பப் பாடங்கள், ஆய்வகங்கள், தொழிலகப் பயிற்சி — கணிப்பொறிப் பொறியியல் பட்டத்திற்கான படிகளை ஒருவாறு ஏறிவிட்டேன். கணிதப் படியில் ஒருமுறை வழுக்கி விழுந்து மறுமுறை ஏறினேன். எஞ்சியிருப்பது இறுதித் திட்டப்பணி ஒன்றே. 'கிரெடிட்' என்று எல்லாரும் சொல்லும் பாட அலகுகளில் பெரும்பங்கு அதற்குத்தான். அதில் தவறினால், மற்றவை அனைத்தும் இருந்தும் பட்டம் இல்லை, இன்னுமோர் ஆண்டு.

எங்கள் துறைக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. இருவர் சேர்ந்து செய்யும் திட்டப்பணியில், கணினி நிரல் எழுதியவர் தேர்வன்று வாய் திறக்கக் கூடாது. மின்சுற்றைக் கையாள வேண்டும். மின்சுற்றை அமைத்தவர் எழுந்து நின்று நிரலை விளக்க வேண்டும். ஒருவர் முதுகில் ஒருவர் சவாரி செய்து பட்டம் வாங்கிவிடாதிருக்க இந்த ஏற்பாடு.

நிரல் என்னுடையது. மின்சுற்று என் திட்டப்பணிக் கூட்டாளியுடையது. வகுப்பில் எனக்கு மேடை என்று பெயர், அவனுக்கு மியூட்.

முழங்குவதற்கென்றே பிறந்தவளாக என்னை நான் எண்ணிக்கொண்டிருக்க, அன்று நான் வாய்மூடி நிற்க வேண்டும். முதல் எழுத்திலேயே சொல் சிக்கிக்கொள்ளும் அவன் பேச வேண்டும்.

"மேடை, அன்னைக்கு வாய்ல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வந்துடு" என்றாள் பின்வரிசைக்காரி. வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

கருவியைப் பற்றி எழுதி வைக்கிறேன். ஒரு கூட்ட மேசை, நான்கு ஒலிவாங்கிகள். யார் எவ்வளவு பேசினார் என்பதைக் கருவி கணக்கில் வைத்துக்கொள்ளும். அளவுக்கு மேல் பேசுபவரின் முன்னுள்ள பச்சை விளக்கு மஞ்சளாகும். பின் அவர் ஒலி மெல்லத் தாழும். அவர் நிறுத்தியதும், குறைவாகப் பேசியவருக்கு முறை போகும்.

எண்ணம் அவனுடையது. முதன்முதலாக அதைச் சொன்னபோது நான் கேட்டேன்: "இது எனக்காகவே யோசிச்சதாடா?"

"உ... உனக்காக மட்டும் இல்ல. உன்ன மாதிரி ஊருக்கு ந... நாலு பேராவது இருப்பாங்கல்ல."

என்னை இத்தனை மென்மையாக எவரும் கண்டித்ததில்லை. பேச்சுப் போட்டி நடுவர்கள் மணியடித்திருக்கிறார்கள், ஒருவர் மின்சாரத்தையே நிறுத்தியிருக்கிறார். இவன் எனக்கென ஒரு விளக்கு செய்கிறான்.

பிப்ரவரி 14, வெள்ளி

வழிகாட்டிப் பேராசிரியை எங்களைத் தம் அறைக்கு அழைத்தார். "நீ பேச வேணாம்ப்பா. விளக்கத்த எழுதிக் குடுத்துடு. நான் துறைத் தலைவர்கிட்ட அனுமதி வாங்கித் தரேன்" என்றார் அவனிடம். அன்போடுதான் சொன்னார்.

"வே... வேணாம் மேடம். எ... எழுதிக் குடுத்தா படிச்சுட்டு வெச்சிடுவாங்க. ஒ... ஒரு தடவையாவது அவங்க கேக்கட்டும்."

அவனுக்கு ஒரு நிறுவனத்தில் வேலை உறுதியாகியிருக்கிறது. இவ்வாண்டே பட்டம் பெற வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பேச்சில் அவன் தடுமாறினாலும் கைவேலையில் நான் தடுமாறினாலும் இழப்பு அவனுக்கே பெரிது. வெளியே வந்ததும் கேட்டேன்: "பயமா இல்லயாடா?"

"இ... இருக்கு. நீ ஈயம் பத்தவைக்கிறத ந... நெனச்சாத்தான்."

பிப்ரவரி 20, வியாழன்

அவனுக்காக ஓர் உரை எழுதினேன். எதுகை குறையவில்லை, மோனை குறையவில்லை. நூலகத்தின் பின்புறப் படிக்கட்டில் அமர்ந்து அவன் அதை வாய்க்குள் படித்தான்.

"'எண்களின் ஏந்தலே, மின்னணுவின் மேன்மையே'... ஏய் மேடை, இதுல மை... மைக் எந்தப் பக்கத்துல வருது?"

நான்காம் பக்கத்தில் வருகிறது. தாளை வாங்கிக் கிழித்தேன். அவன் தன் சொற்களிலேயே பேசட்டும். நான் அவனுக்குக் கொடுக்க வேண்டியது உரை அன்று. என் நிரல் எப்படி எண்ணுகிறது என்ற விளக்கம். அதை இன்று பொழுது சாயும்வரை கொடுத்தேன். என்னைவிடத் தெளிவாகத் திருப்பிச் சொன்னான். மெதுவாகத்தான், ஆனால் ஒரு சொல்கூட மிகையில்லை.

மார்ச் 1, சனி

ஆட்காட்டி விரலில் கொப்புளம். பற்றவைப்புக் கோலின் சூட்டை என் விரல் இன்று அறிந்துகொண்டது.

"தங்கச்சி, ஈயத்த சுடாத, காலைச் சுடு. கால் சூடானா ஈயம் தானா ஓடி வரும்" என்றார் ஆய்வகத்து அண்ணன். கால் என்பது உறுப்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. என் காலைச் சுட்டுக்கொள்ளவும் அதிக நேரமாகவில்லை.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கும் அம்மா, நான் பற்றவைத்த மின்சுற்றுப் பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னடி இது, குருவி எச்சம் போட்ட மாதிரி இருக்கு? எங்க லைன்ல வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றாள். பிறகு மருந்து தடவிவிட்டாள். தடவும்போதும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 12, புதன்

எழுத மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

முழு ஒத்திகை. நான்கு ஒலிவாங்கிகளையும் மேசையில் வைத்தோம். அவன் எழுந்தான். "இந்த நி—" என்று தொடங்கினான். சொல் நின்றது. வரும் என்று நான் காத்திருந்தேன். கருவி காத்திருக்கவில்லை. அவன் விளக்கு அணைந்தது. என் முன்னிருந்த விளக்கு எரிந்தது.

மீண்டும் தொடங்கினான். மீண்டும் அணைந்தது. மூன்றாம் முறையும்.

நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? பேச்சு முடிந்ததை நிரல் எப்படி அறியும் என்று யோசித்தபோது, சிறிது நேரம் ஒலி இல்லையென்றால் முடிந்தது என்று எழுதினேன். அந்தச் சிறிது நேரம் எவ்வளவு? அதற்கு என் குரலையே பதிவு செய்து அளந்தேன்! மூச்சு வாங்கவும் நிறுத்தாதவள் நான். அந்த அளவை எல்லார்க்கும் பொதுவாக்கினேன். பேசாதவர்க்குப் பேச்சு தர வேண்டிய கருவி — அவன் கருவி — அவனையே பேச விடவில்லை. கூடவே இருக்கேன், தினமும் கேட்டுட்டே இருக்கேன், எப்படி எனக்குத் தோணாம போச்சு?

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "வி... விடு. எல்லாரும் ப... பண்றதுதான். மெஷின் மட்டும் எ... என்ன பாவம் பண்ணுச்சு."

திட்டியிருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிவிடலாம் என்றேன். "எ... எவ்வளவு கூட்டுவ?" என்றான். எவ்வளவு கூட்டினாலும் அதைத் தாண்டி ஒருவருக்குச் சொல் சிக்கும்.

உணவகத்தில் எதிரே அமர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல் சிக்கும்போதெல்லாம் அவன் கை மேசை விளிம்பைப் பற்றிக்கொள்கிறது. சொல் வந்ததும் விடுகிறது. சட்டென்று என் கைகளும் நினைவுக்கு வந்தன. மேடையில் சாய்மேசையைப் பற்றியிருக்கும்வரை நான் முடிக்கவில்லை என்று கூட்டத்திற்குத் தெரியும். கையெடுத்தால்தான் கைதட்டுவார்கள்.

"டேய், பேச்சு முடிஞ்சுதான்னு குரல ஏன்டா கேக்கணும்? கையக் கேக்கலாமே!"

ஒவ்வொரு ஒலிவாங்கியின் அடியிலும் ஒரு தொடுதகடு. தகட்டில் கை இருக்கும்வரை முறை அவருடையது. ஒலி எழும் நேரம் மட்டுமே கணக்கில் சேரும். நடுவில் வரும் அமைதி எவர் கணக்கிலும் ஏறாது. நிறைய பேசுபவர் கையை எடுக்காவிட்டாலும் விளக்கு மஞ்சளாகும், ஒலி தாழும். அதிலிருந்து எனக்குத் தப்பில்லை.

நிரலை மாற்றுவது எனக்கு எளிது. தகடுகளுக்கான புதிய பலகை? வரைபடம் மட்டும் போட்டுத் தந்துவிட்டு அவன் கையைக் கட்டிக்கொண்டான். "நீ... நீயே பண்ணு. அன்னைக்கு நான் தொ... தொட முடியாதில்ல."

மார்ச் 26, புதன்

பலகை முடிந்தது. அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ம், இத அனுப்பலாம்" என்றாள். எத்தனையோ கோப்பைகளை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எதையும் அவள் இப்படிப் பார்த்ததில்லை.

ஏப்ரல் 2, புதன்

நாளை. பற்றவைப்புக் கோலையும் ஈயத்தையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அவசரத்தில் இருப்பவர் போலத் தெரிந்தார். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவரையும் பேராசிரியையையும் மேசைமுன் அமரவைத்து, அவர்கள் முன்னும் ஆளுக்கோர் ஒலிவாங்கியை வைத்தோம்.

அவன் தகட்டில் கை வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. "இந்த நி..." நின்றது.

அந்தச் சொல் என் நாவின் நுனியில் இருந்தது. நிரல். மூன்றெழுத்து. என் வாழ்நாளில் நான் விழுங்கிய மிகப் பெரிய சொல் அதுதான். தேர்வாளரின் உதடுகளும் அசைந்தன; எடுத்துக்கொடுக்கப் போகிறார் என்று அஞ்சினேன். அப்போது அவர் பார்வை விளக்கின் மேல் விழுந்தது. அது எரிந்துகொண்டே இருந்தது. கருவி காத்திருந்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாய்ந்து அமர்ந்தார்.

"...நிரல், நாலு பேரோட பேச்சையும் அ... அளக்குது சார்."

வந்துவிட்டது. அதன்பின் சிக்கிச் சிக்கி, ஆனால் நிற்காமல் சென்றான். அவன் முடித்துக் கையை எடுத்ததும் தேர்வாளர் கேள்வி கேட்கத் தம் தகட்டைத் தொட்டார். விளக்கு எரியவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். அவன் தொடக் கூடாது. நான் பேசக் கூடாது. பலகையைத் திருப்பினேன். ஒரு காலில் ஈயம் ஒட்டாமல் மங்கலாக நின்றது. கோலை எடுத்துக் காலைச் சுட்டேன். ஈயம் தானாக ஓடி வந்தது. விளக்கு எரிந்தது.

"நடுவுல வர்ற அமைதிய ஏன்ப்பா கணக்குல சேக்கல?" என்றார் தேர்வாளர்.

"அ... அதுவும் பேச்சுதான் சார். ஆனா அதுக்கு யா... யார்கிட்டயும் கட்டணம் வாங்கக் கூடாது."

தேர்வாளர் சிரித்தார். என் பக்கம் திரும்பி, "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார். இல்லையெனத் தலையசைத்தேன்.

"சார், நாலு வருஷத்துல இதுதான் முதல் தடவ" என்றார் பேராசிரியை.

ஏப்ரல் 4, வெள்ளி

முடிவு வருவதற்குள் நன்றியை எழுதிவிட வேண்டும். வந்தபின் எழுதினால் அது முடிவுக்கான நன்றியாகிவிடும்.

இடம் மாற்றி நிற்கவைக்கும் விதியை வகுத்தவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். முதல் நாள் அவரைச் சபித்தேன். காலைச் சுடச் சொன்ன அண்ணனுக்கு இன்று நேரில் நன்றி சொன்னேன், "மொதல்ல, நேத்து கோல ஆஃப் பண்ணியா?" என்றார். பண்ணவில்லை. ஓடினேன்.

அவனுக்கு எப்படிச் சொல்வது? நான்காண்டாக அவன் என் உரைகளை முன்வரிசையில் அமர்ந்து கேட்டிருக்கிறான். அவன் ஒரு சொற்றொடரை முடிக்கும்வரை நான் எத்தனை முறை காத்திருந்தேன்? பலமுறை நானே முடித்துவைத்தேன். அதை உதவி என்று வேறு எண்ணிக்கொண்டேன். நன்றி என்ற சொல்லுக்கு நான் அறிந்த அடைமொழிகள் ஏராளம். ஒன்றும் பொருந்தவில்லை. "நன்றிடா" என்று மட்டும் சொன்னேன்.

"இ... இவ்வளவுதானா?" என்றான். மகிழ்ந்துதான் கேட்டான்.

மே 6, செவ்வாய்

பட்டத் தகுதி நிறைவு. இருவருக்கும். அம்மா கேட்டாள்: "அப்போ இனிமே வாயத் தொறக்கலாமா?"

ஜூன் 12, வியாழன்

துறையின் வழியனுப்புக் கூட்டம். மேசையில் எங்கள் கருவியையே வைத்திருந்தார்கள். அவனுக்குத் திங்களன்று வேலை தொடங்குகிறது.

மாணவர் சார்பில் என்னைப் பேச அழைத்தார்கள். தகட்டில் கை வைத்தேன். பேசினேன், நன்றாகவே பேசினேன். விளக்கு மஞ்சளானது. இன்னும் பேசினேன். என் குரல் தாழ்ந்தது. பின்வரிசைக்காரி கைதட்டிச் சிரித்தாள்.

பக்கத்திலிருந்த அவன் என் காதருகே சாய்ந்தான். "எ... என் நேரத்தையும் சேத்து எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டிருப்பேன், முன்பெல்லாம். சொற்றொடரைப் பாதியில் விட்டுத் தகட்டிலிருந்து கையை எடுத்தேன்.

அவன் முன் பச்சை விளக்கு எரிந்தது. சற்றுத் தயங்கிக் கை வைத்தான். முதற்சொல் வர நேரமாயிற்று. ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை. நானும்.