மகாராஜா ஒழுகுகிறார்

மார்ச் 4

இன்றைக்கும் எண்ணெய் சொட்டியிருக்கிறது. அக்கா வண்டியை எடுத்துப் போன பிறகு தரையைப் பார்த்தேன். போன வாரம் கட்டைவிரல் அகலம் இருந்த கறை இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆகிவிட்டது.

மாமா, அக்காவின் கணவர், பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். “என்னடா, உங்க மகாராஜாவுக்கு வயசாயிடுச்சா? நிக்கிற இடத்துலயே போறாரு.”

மகாராஜா என்று பெயர் வைத்தது நான். பதினாறு வருஷ வண்டி, எட்டு சிலிண்டர், தோல் இருக்கை. இந்த மாடலின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன் நான். அக்கா வீடுவீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறாள். மடக்குக் கட்டில் ஏற்ற வண்டி வேண்டும் என்றாள். மாமா புதுசாக ஒரு சின்ன கார் பார்த்து வைத்திருந்தார். நான்தான் பேசிப் பேசி இரண்டு பேர் மனதையும் மாற்றினேன். அப்போது இனித்தது.

மார்ச் 6

அக்காவோடு ஒர்க்‌ஷாப் போனேன். “ஏசி போட்டா கருகுற வாசம் வருதுங்க, பேஷன்ட் வீட்ல கூட என் துணியில அடிக்குது” என்றாள். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“இன்ஜின் பின்பக்க சீல் போயிருக்கும். கியர்பாக்ஸ இறக்கினாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்.”

செலவு, வாங்கின விலையில் பாதி. திரும்பும்போது சிக்னலில் அக்கா சொன்னாள்: “நான் சம்பாதிக்கிறதெல்லாம் இதுக்குள்ளயே ஊத்தணும் போலடா.”

மாமா கெடு வைத்துவிட்டார். மாசக் கடைசிக்குள் கசிவு நிற்கவில்லை என்றால் விற்பதுதான்.

மார்ச் 8

இன்ஜினை முழுசாகத் துடைத்து, அக்காவை ஒரு சுற்று ஓட்டி வரச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெய் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. மேலே எங்கோ கசிந்து, இன்ஜின் மேலேயே வழிந்து, கடைசியில்தான் கீழே விழும். ஈரத்தைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் வால்வு கவர் ஓரம். அங்கேதான். பின் சீல் காரணமே இல்லை. கவருக்கு அடியில் வைக்கிற ரப்பர் கேஸ்கட்டுக்கு ஆர்டர் போட்டாயிற்று.

மார்ச் 14

இரண்டு நாள் வேலை. மாற்றிவிட்டேன். முதுகு என்னுடையது போலவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் கிளிப் உடைந்தது, யாருக்கும் தெரியாது.

மார்ச் 16

சொட்டு இல்லை.

இந்த மாடல் பைத்தியங்களுக்கென்று ஒரு குழு வைத்திருக்கிறோம். அட்மின் நான். கசிவை நிறுத்தியவன் வெள்ளை அட்டையை வண்டிக்கு அடியில் ஒரு நாள் வைத்து, காய்ந்த அட்டையைப் படம் போட வேண்டும். அதுவரை யாரும் நம்ப மாட்டார்கள். போட்டேன். நானூறு ஹார்ட்.

ஒரே ஒருத்தர், முகப்புப் படம்கூட இல்லாத ஆள், “இன்ஜின் காத்த வெளிய விடற மூச்சுக்குழாய் பாத்தீங்களா? அது அடைச்சிருந்தா உள்ளே அழுத்தம் ஏறி புது கேஸ்கட்டையும் தள்ளிடும்” என்று எழுதினார். நீக்கிவிட்டேன். ஆளையும் தூக்கிவிட்டேன். வயிற்றெரிச்சல், வேறென்ன.

அக்கா மாமாவிடம், “என் தம்பி கை வச்சா சும்மாவா?” என்றாள்.

மார்ச் 21

அதே பக்கம். மூன்று சொட்டு.

அக்கா எழுவதற்குள் தரையைக் கழுவினேன். ஏன் கழுவினேன்?

மார்ச் 23

அரை லிட்டர் எண்ணெய் ஊற்றினேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 25

மறுபடியும் அரை லிட்டர். குழுவில் இன்னும் வாழ்த்து வந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நேரில் கூடுகிறார்களாம். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நான் பேச வேண்டுமாம். சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

மார்ச் 27

சாப்பிடும்போது அக்கா சொன்னாள், பக்கத்து ஊரில் ஒரு பேஷன்ட், நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். “வண்டிதான் சரியாயிடுச்சே, ஒத்துக்கிட்டேன்.” மாமா என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். “ஜெயிச்சுட்டடா. வாய மூடிக்கறேன்.”

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சாப்பிட்டேன்.

மார்ச் 29

எழுதவே கை வரல.

கூட்டத்துக்குச் சீக்கிரம் கிளம்பிட்டேன். ஊத்தல. மறந்துட்டேன்னு எழுதலாம். மறக்கல — மாமா வாசல்லயே நின்னு போன் பேசிட்டிருந்தார், அவர் முன்னாடி ஊத்த முடியல, ஒரு நாள்தானேன்னு விட்டுட்டேன்.

நான் மைக் பிடிச்சிருக்கும்போது அக்கா போன்.

“டேய், செவப்பு லைட் எரியுது. ஓரம் கட்டறதுக்குள்ள டமடமன்னு சத்தம், அப்படியே நின்னுடுச்சு.”

“நீ எங்க இருக்க? லாரி வர்ற ரோடா?”

“இருக்கேன்டா, ஓரமாத்தான் இருக்கேன். ஆயில் இருக்குமில்ல? நீதான சரி பண்ண?”

மைக்கை மேசைமேல வச்சேன். அவ ஹலோ ஹலோங்கறா. பேஷன்ட் வீட்ல காத்துக்கிட்டிருக்காங்க, அவங்களுக்கு என்ன சொல்லட்டும்னு கேக்கறா.

மார்ச் 30

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். “எனக்குத் தெரியாம ஊத்தினியா?”

“ம்.”

“எங்கிட்ட சொல்லியிருந்தா நானே ஊத்திட்டுப் போயிருப்பேனேடா.”

திட்டியிருந்தால் தேவலை. மாமா கிண்டல் பண்ணுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து போய், சொட்டிக்கொண்டிருந்த சமையலறைத் தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினார்.

ஏப்ரல் 2

மெக்கானிக் பிரித்துக் காட்டினார். உள்ளே பேரிங் தேய்ந்து பளபளவென்று இருந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடியதால். “பின் சீல் நல்லாத்தான் இருக்குப்பா. நானும் தப்பாத்தான் சொல்லிட்டேன்.” அப்புறம் ஒரு கறுப்புக் குழாயைக் கையில் கொடுத்தார். மூச்சுக்குழாய். உள்ளே கெட்டியாக அடைத்திருந்தது. புதுசு வாங்க இரண்டு பேர் வெளியே சாப்பிடுகிற செலவு. வேறு இன்ஜின் வைக்க, வண்டி வாங்கின விலை.

அந்த ஆளைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். “விடுங்க. என்னோடதும் அப்படித்தான் போச்சு” என்று பதில் போட்டார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 9

உடைத்து விற்கிறவர்கள் வந்து ஏற்றிப் போனார்கள். அக்கா பார்க்க வெளியே வரவில்லை. அட்டைப் படத்துக்குக் கீழே நடந்ததை எழுதி, அட்மின் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 17

சின்ன கார் வந்து மூன்று நாள். மடக்குக் கட்டில் அதில் நுழையவில்லை. எப்படித் திருப்பினாலும் கால் இடிக்கிறது. அதனால் என் ஸ்கூட்டரில் கட்டி, அக்கா பின்னாலேயே போகிறேன். அவள் பேஷன்டின் முழங்காலை மடக்கி நீட்டும்வரை நான் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். போன் பார்க்கத் தோன்றுவதில்லை.

இன்று கிளம்பும்போது பானெட்டைத் திறக்கச் சொன்னாள்.

“எண்ணெய் எப்படிப் பாக்கறது?”

“பாத்துட்டேன்க்கா. சரியா இருக்கு.”

“சரி. எனக்குக் காட்டு.”

அளவுக் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துக் காட்டினேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றேன். தலையாட்டினாள். கம்பியை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, உள்ளே விட்டு, தானே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவில்தான் நின்றது. இன்னொரு தடவை துடைத்து விட்டு எடுத்துப் பார்த்தாள்.

நான் கட்டிலைக் கட்டப் போனேன்.