விரத நாளில் அளந்த ஈரல்

தோகா, புதன்கிழமை

அன்புள்ள சிவகௌரிக்கு,

இறையருளால் நான் நலமே. உமது முழங்கால் வலியும் மாமியின் இருமலும் தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

சிரிப்பதற்கு ஒன்று சொல்கிறேன். திங்களன்று கம்பனியின் வருடாந்தப் பரிசோதனையில், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஒலியலைக் கருவியால் அளந்தார்கள். விலா இடுக்கில் அது பத்துத் தடவை மெல்லத் தட்டியது. அளவு கூடியிருந்தது. வைத்தியர் என் முகத்தையும் பாராமல், "குடியை நிறுத்தவும்" என்று எழுதிக் கையொப்பமிட்டார். குடிக்கு அண்ணையைப் பறிகொடுத்த வீட்டில், ஒரு துளியும் தொடாத எனக்கு! நான் குரலை உயர்த்தவில்லை. காரணம் அறியாமல் கதிரையை விட்டு எழமாட்டேன் என்று மட்டும் அறிவித்தேன்.

கருவியை இயக்கும் ஜெசிதா, நம் ஊர்ப்பக்கத்துக் குருநகர்ப் பிள்ளை, மெல்ல வந்து கேட்டாள்.

"ஐயா, வெறுவயிறெண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம் பிள்ளை, சோமவார விரதம். பாலும் நாலு கதலிப்பழமும்தான்."

"ஐயோ, உது சாப்பாடில்லையோ! வயித்துக்கு விரதமெண்டு தெரியுமே? சாப்பிட்டால் ஈரல் இறுகித்தான் காட்டும்."

பிழை என்னுடையதே. ஆனால் கேளாமல் எழுதிய வார்த்தை அவருடையது. மூன்று மணிநேரம் கழித்து மறுபடி அளந்தார்கள். அளவு சரியாக இருந்தது. அந்த வார்த்தையை அவர் கையாலேயே வெட்டுவித்தேன்.

வருபவர் யாரிடமாவது நீர் இடித்த மிளகாய்த்தூள் சிறிது கொடுத்தனுப்பும். அந்தப் பரிசோதனைப் படிவத்தில் 'உடன் வந்தவர்' என்றோர் இடம் உண்டு. முதல்முறை வெறுமையாக விட்டேன். இரண்டாம் முறை உமது பெயரை எழுதினேன். யாரும் விசாரித்தால் ஓமென்று சொல்லிவிடும்.

வாகனம் வந்துவிட்டது.

உமது,
கேதீஸ்வரன்